நல்ல திருடனும் 269 வில்லன்களும்

ஆரணியில் பட்டுத்தறி போடுகிறவரிடம் ‘ராபின் ஹூட் தெரியுமா?’ என்று கேளுங்கள். கொஞ்சம் யோசிப்பார். ‘மலையூர் மம்பட்டியான்?’ என்று கேட்டுப் பாருங்கள். தறியை நிறுத்திவிட்டுக் கதை சொல்வார்.

ரெண்டும் ஒரே கதைதான். இருக்கிறவனிடம் பிடுங்கி இல்லாதவனுக்குக் கொடுக்கிற நல்ல திருடன். சேலம் பக்கத்து மலைகளில் திரிந்த நிஜ ஆசாமியை வைத்து 1983-ல் தியாகராஜன் நடித்த படம். அடுத்த வருஷமே ரஜினி அதை இந்தியில் ‘கங்வா’ என்று செய்தார். 1994-ல் நெப்போலியன், ‘சீவலப்பேரி பாண்டி’ ஆனார்.

கவனித்தீர்களா? நாளாக ஆகத் திருடர்கள் பெரிய மனுஷர்களாகிவிடுகிறார்கள். பழைய பாட்டுகளில் ராபின் ஹூட் ஒரு சாதாரண ஆள். 1598-ல் ஆன்டனி மண்டே நாடகம் போட்டு அவனைப் பிரபுவாக்கிவிட்டார். போகட்டும், கதைதானே!

என் வருத்தம் வேறு. வில்லன் மட்டும் வளரவே இல்லை. அங்கே ஒரு நாட்டிங்ஹாம் ஷெரீஃப். இங்கே ஒரு கெட்ட பண்ணையார், ஒரு கெட்ட இன்ஸ்பெக்டர். க்ளைமாக்ஸில் ஆளை முடித்தால் ஊர் சுபிட்சம். காமர்ஸ் படித்தவனுக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது.

நிஜக் கணக்கு தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் இருக்கிறது. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அத்தனை பேரும் அரசாங்கச் சம்பளக்காரர்கள். எந்தப் படத்தில் சார் இத்தனை வில்லன்கள்?

காட்டிலிருந்து எந்த மம்பட்டியானும் இறங்கி வரவில்லை. அப்போது காட்டில் வீரப்பன் இருந்தார். அவரையும் சிலர் ராபின் ஹூட் என்றார்கள். ஆனால், அவர் பெயரைச் சொல்லி உதை வாங்கியதெல்லாம் காட்டோரத்து ஏழைகள்.

வாச்சாத்திப் பெண்கள் திருடனுக்காகக் காத்திருக்கவில்லை. கோர்ட் படி ஏறினார்கள். சம்பவம் நடந்து 19 வருஷம் கழித்து, 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தீர்ப்பு வந்த அதே 2011 டிசம்பரில் தியாகராஜன் தன் மகன் பிரசாந்தை வைத்து மறுபடியும் ‘மம்பட்டியான்’ எடுத்து ரிலீஸ் செய்தார். தியேட்டரில் ஹீரோ ஏழைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். வாச்சாத்தியில் ஏழைகள் ஹீரோ இல்லாமலே ஜெயித்திருந்தார்கள்.

எது பெரிய கதை? நீங்களே சொல்லுங்கள்.