கவர்தலும் சூடுதலும்

ராஜபாளையத்தில் 'நாய்' என்றால் ஒரு மரியாதை உண்டு. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பன்றி வேட்டைக்குப் பழகிய கால். 2005இல் அஞ்சல் துறை இந்த நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டது. அதே ஊரில், மில் ஷிப்ட் முடிந்து வந்து உலை வைக்கிற ஒரு பெண், உட்கார்ந்து தின்னும் ஆளைப் பார்த்து 'போடா நாயே' என்றால், அவள் எந்த நாயைச் சொல்கிறாள் என்று யாரும் அகராதியைப் புரட்டப்போவதில்லை. சொல்லின் அர்த்தம், அதை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதில் கிடக்கிறது. 'ஹவுண்ட் டாக்' பாட்டின் கதையும் இதுதான்.

1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் இதை முதலில் பாடிப் பதிவு செய்தவர் 'பிக் மாமா' என்று அழைக்கப்பட்ட வில்லி மே தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண். 1953இல் பீகாக் நிறுவனம் வெளியிட்ட அந்த இசைத்தட்டு, ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 7 வாரம் முதலிடத்தில் இருந்தது. பாட்டில் வரும் நாய், பெண்ணின் உழைப்பை ஒட்டித் தின்னும் ஆண். வீடு அவளுடையது, வாசற்கதவும் அவளுடையது. வெளியே போகவேண்டியவன் அவன்.

1955இல் ஃப்ரெடி பெல் குழுவினர் வரிகளை மாற்றி, முயல் வேட்டையைச் சேர்த்து, இதைக் கேலிப் பாட்டாக்கினார்கள். 1956இல் லாஸ் வேகாஸில் அவர்கள் பாடக் கேட்டு எல்விஸ் பிரெஸ்லி எடுத்துக்கொண்டார். இப்போது பாடுவது ஆண். சரி, யாரைப் பார்த்துப் பாடுகிறான்? பதில் கிடையாது. 1956 ஜூலை 1 அன்று ஸ்டீவ் ஆலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தொப்பி மாட்டிய நிஜ நாய் ஒன்றை மேடையில் உட்காரவைத்து அதைப் பார்த்துப் பாடச் சொன்னார்கள். உருவகம் செத்துப்போன இடத்தில் உயிருள்ள நாய் தேவைப்பட்டிருக்கிறது! மறுநாளே பிரெஸ்லி அதைப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டு 11 வாரம் முதலிடம்.

இதைத்தான் 'கவர் வெர்ஷன்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது மூடுவது. தமிழ்க் காதில் வேறு மாதிரி விழுகிறது. ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை.

அப்படியானால் வெள்ளையன் திருடினான், கறுப்பினப் பெண் இழந்தாள் என்று முடித்துவிடலாமா? சங்கதி அத்தனை சுலபமில்லை. பாட்டை எழுதிய லீபர், ஸ்டோலர் இருவரும் 19 வயது யூத இளைஞர்கள், தார்ன்டனுக்காகவே எழுதினார்கள். பீகாக்கின் முதலாளி டான் ரோபி கறுப்பினத்தவர். தனக்குக் கிடைத்தது ஒரே ஒரு 500 டாலர் காசோலைதான் என்று தார்ன்டன் சொன்னார். பிரெஸ்லியும் ஏழை வீட்டுப் பிள்ளை. அந்த மேடையில் டக்சிடோ மாட்டி அடக்கப்பட்டவர் அவரும்தான். தார்ன்டன் 1984இல் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏற 2024 வரை ஆனது. யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அவசியமானது. ஆனால் அது பாதிக் கணக்குதான். யார் குரல், யாரை நோக்கி என்பது மீதிக் கணக்கு.

ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே இதற்கு வேறொரு சொல் கிடைக்கிறது: சூடுதல். பெண் சூடிக் களைந்த மாலை தீட்டு என்று தகப்பன் பதறுகிறார். அவள் சூடியதுதான் வேண்டும் என்கிறார் சாமி. இன்றைக்கும் புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்கு இங்கிருந்து ஆண்டாள் மாலை திருப்பதிக்குப் போகிறது. சூடியவளின் பெயரோடுதான் போகிறது.

இன்னொன்றையும் பார்க்கலாம். திருப்பாவையே ஒரு வகையில் மறுபாடல்தான். பட்டர்பிரான் வீட்டுப் பெண் ஆய்ச்சியரின் நோன்பை, பேச்சை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். இடைச்சியின் வாடைகூட அவள்மேல் ஏறியதாக வியாக்கியான மரபு சொல்லும். ஆயர்பாடியையும் மறைக்கவில்லை, தன் பெயரையும் மறைக்கவில்லை. அந்த ஆய்ச்சியருக்கு இதில் என்ன கிடைத்தது என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

பிறகு ஆண்டாளையும் மற்றவர்கள் பாடுகிறார்கள். திருப்பாவை 30 பாட்டும் மார்கழி முழுக்க ஒலிக்கின்றன. நாச்சியார் திருமொழியின் 143 பாட்டில் கல்யாணக் கனவுப் பத்து மணவறைக்குப் போகிறது. உடம்பின் வேட்கையைக் கூசாமல் பேசும் பத்துகள் அந்த அளவுக்கு வெளியே வருவதில்லை. வரியை மாற்றாமலும் கவரலாம். எதைப் பாடாமல் விடுகிறோம் என்பதே போதும்.

நண்பர்கள் கோபிக்கக் கூடாது. கலை இரவு மேடைகளில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடுகிறோம். ஒலிபெருக்கியில் பாடகர் பெயர் வருகிறது, குழுவின் பெயர் வருகிறது; கேட்டால் 'மக்கள் பாடல்' என்கிறோம். எந்தத் தெருவில், எந்தச் சாவில், யாரைத் திட்டி, எந்தக் கிழவி பாடியது? பண்ணையாரை ஏசிய வரி மெட்டுக்கு இடிக்கிறது என்று எத்தனை தடவை கழன்று போயிருக்கிறது? மேடையில் அறிவிக்க முதலில் அந்தக் கிழவியின் பெயர் வேண்டும். அவள் திட்டிய ஆளும் பாட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும். அவனை வெளியே எடுத்துவிட்டால் அந்த இடத்தில் நாமும் ஒரு தொப்பி போட்ட நாயைத்தான் தேடவேண்டியிருக்கும்.