இரண்டு கைப்பம்பு போதும்

“என்னங்க, பீர் சூடா இருக்கு? இங்க ஃபிரிட்ஜ் ரிப்பேரா?”

சென்னையிலிருந்து வந்திருந்த நண்பர் முதல் வாய் குடித்ததும் கேட்டார். மேற்கு யார்க்‌ஷயரில், பழைய மில் ஊர் ஒன்றின் பின்தெருவில் இருக்கும் பப் அது. பதினோரு வருடமாக நான் போய்வரும் இடம். அவர் கையில் இருந்தது காஸ்க் ஏல் என்று இங்கே சொல்லப்படும் பீப்பாய் பீர். “சூடு இல்லீங்க. ஃபிரிட்ஜ் தண்ணிக்கும் பானைத் தண்ணிக்கும் இருக்கற வித்தியாசம்னு வச்சுக்குங்க” என்றேன். அவர் நம்பிக்கையில்லாமல் இன்னொரு வாய் குடித்தார். கோப்பையை முடிக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இந்த பீர் ஏன் இப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கே பல வருடம் பிடித்தது. புரிவதற்குள், அதைக் கெடுக்கும் வேலையில் என் பங்கையும் செய்து முடித்திருந்தேன்.

வீட்டில் மாவு புளிக்கவைத்துப் பழகிய நமக்கு பீப்பாய் பீரை விளக்குவது சுலபம். ஆலையில் முதல் நொதிப்பு முடிந்ததும் உயிருள்ள ஈஸ்ட்டோடு பீரைப் பீப்பாயில் அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். மீதி வேலை பப்பின் நிலவறையில் நடக்கிறது. பீப்பாயைப் படுக்கவைத்து, மேல்துளையில் நுண்துளைகள் கொண்ட மர ஆப்பு ஒன்றை இறக்குவார்கள். அதிகப்படி வாயு அதன் வழியாக மெல்ல வெளியேறும். கொதிப்பு அடங்கியதும், காற்று நுழையாத கடின ஆப்பை மாற்றி அடிப்பார்கள். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருள் ஈஸ்ட்டைச் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் படிய, பீர் தெளியும். எப்போது தெளிந்தது, எப்போது விற்கலாம் என்பதெல்லாம் நிலவறையைப் பார்த்துக்கொள்பவரின் கைக்கணக்கு. நிலவறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரி. மேலே கவுண்டரில் கைப்பம்பை இழுத்தால் பீர் ஏறிவரும். வெளியிலிருந்து கார்பன் டையாக்சைடு கொடுத்துத் தள்ளுவதில்லை. பீர் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்ப நிலவறைக் காற்று பீப்பாய்க்குள் போகிறது.

எல்லாச் சிக்கலும் இந்தக் காற்றில்தான் இருக்கிறது. காற்று பட்ட பீர் தொடக்கத்தில் கொஞ்சம் இளகும். ருசி திறந்துகொள்ளும். சுமார் மூன்று நாள் தாங்கும். அதற்குப் பிறகு சப்பென்று ஆகி, புளித்து, வினிகர் பக்கம் சாயும். கள் தெரிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை.

கிராஃப்ட் பீர் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது கெக். மூடிய உலோகக்கலம். வாயு அழுத்தத்தில் வரும், குளிர்ந்திருக்கும், வாரக்கணக்கில் கெடாது. கெக் மட்டம், பீப்பாய் உசத்தி என்ற கட்சியில் நான் இல்லை. அமெரிக்க ஹாப்ஸை அள்ளிப்போட்ட ஒரு ஐ.பி.ஏ.வுக்குக் குளிரும் வாயுவும் பொருந்துகின்றன. நுரையோடு சேர்ந்து மாம்பழ வாசனையும் எலுமிச்சை வாசனையும் மூக்குக்கு ஏறிவருகின்றன. பீப்பாயில் சிறப்பது வேறு வகை. கீத்லி ஊரின் டிமோதி டெய்லர் ஆலை செய்யும் ‘லேண்ட்லார்ட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 4 சதவீத ஆல்கஹால்தான். பாட்டிலில் குடித்தால் நல்ல பீர், அவ்வளவுதான். நன்றாகப் பராமரித்த பீப்பாயிலிருந்து வந்தால் மால்ட்டின் பிஸ்கட் வாசம், ஆரஞ்சுத் தோல் போன்ற ஒரு கசப்பு, முடிவில் நாக்கைச் சுத்தமாக விட்டுப்போகும் வறட்சி என ஒன்றன்பின் ஒன்றாக வரும். வாயு குறைவாக இருப்பதால் நாக்கில் முள் குத்துவதில்லை. குளிர் குறைவாக இருப்பதால் ருசி மரத்துப்போவதில்லை. நிலவறைக்காரர் பொறுமை இழந்து சீக்கிரம் திறந்துவிட்டால் அதே லேண்ட்லார்ட் முரட்டுத்தனமாக இருக்கும்.

அதாவது ஆலை அனுப்புவது முக்கால் பங்கு பீர். கடைசிக் கால் பங்கை பப்பில் யாரோ ஒருவர் எழுதுகிறார். கச்சேரி கேட்பவர்களுக்கு இது புதிதல்ல. கீர்த்தனை ஒன்றுதான், அன்று பாடியது எப்படி என்பதுதான் பேச்சு.

பீர் விமர்சனம் என்று இன்று நடப்பது இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நானும் அதைச் செய்தவன். குடித்த ஒவ்வொரு பீருக்கும் செயலியில் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டேன். எண்ணூறைத் தாண்டியபோது பெருமையாக இருந்தது. ஒரே பீரை இரண்டாம் முறை வாங்குவது வீண்செலவு என்று நினைத்தேன். பப்புக்குள் நுழைந்ததும் என் முதல் கேள்வி: “புதுசா என்ன இருக்கு?” ஒவ்வொன்றிலும் அரை பைண்ட், முடித்துவிட்டு அடுத்தது.

நான் மட்டுமில்லை, என்னைப் போலப் பத்துப் பேர் இருந்தோம். எங்களுக்காகத்தான் அந்தப் பப்பை நடத்தும் அம்மாள் நான்கு கைப்பம்பை எட்டாக்கினார். கவுண்டரில் எட்டுப் பிடிகளும் வரிசையாக நிற்பது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள், டெர்பிஷயரிலிருந்து வந்த ஒரு சின்ன ஆலையின் பீர் புளித்திருந்தது. செயலியில் ஐந்துக்கு ஒன்றரை போட்டேன். ‘ஆலையில் சுத்தம் போதாது’ என்று ஒரு வரியும் எழுதினேன். அடுத்த வாரம் அந்த அம்மாள் என்னிடம் வந்தார். யார்க்‌ஷயர் வழக்கப்படி எல்லோரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்.

“நீ எழுதினதப் படிச்சேன், லவ். எந்தக் கிழமை குடிச்ச?”

“திங்கக்கிழமை.”

“நான் அந்தப் பீப்பாயத் தெறந்தது வியாழக்கிழமை. தப்பு என்னோடது, அவங்களோடது இல்ல. பாதி உன்னோடதும்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. புளித்த பீரை விற்றுவிட்டுக் குடித்தவனைக் குறை சொல்வதா? அவர் கவுண்டரில் கிடந்த அட்டை ஒன்றைத் திருப்பிப்போட்டுக் கணக்கு எழுதிக் காட்டினார். வழக்கமான பீப்பாய்க்கு ஃபிர்கின் என்று பெயர். 9 காலன், அதாவது 72 பைண்ட். மூன்று நாளில் தீரவேண்டுமென்றால் ஒரு பம்பில் நாளுக்கு 24 பைண்ட் போகவேண்டும். எட்டுப் பம்புக்கு 192. “வெள்ளி, சனி போயிடும். திங்க, செவ்வா மொத்தமே அறுபது போனா அதிகம். நீ எட்டுலயும் அரை அரையா குடிக்கற. ஒண்ணும் காலியாகறதில்ல.”

அந்த அட்டையை எடுத்துவந்து இன்னும் வைத்திருக்கிறேன். ரசனை பற்றி நான் படித்த பல கட்டுரைகளைவிட அது எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

இந்த இடத்தில் ஜார்ஜ் ஆர்வெலைத் திரும்பப் படிக்கவேண்டியிருக்கிறது. 1946 பிப்ரவரியில் லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் நாளிதழில் ‘தி மூன் அண்டர் வாட்டர்’ என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். தனக்குப் பிடித்த பப்பை வர்ணித்துக்கொண்டே போய், கடைசியில் அப்படி ஒரு பப் கிடையவே கிடையாது என்று ஒப்புக்கொள்ளும் கட்டுரை. பப் பற்றி யார் எழுதினாலும் இதில் போய் நிற்பார்கள். விக்டோரியா காலத்துக் கட்டடம், கணப்பு, ரேடியோ இல்லாத அமைதி, தோட்டம், கைப்பிடி வைத்த கோப்பை என்று எல்லோரும் அந்தப் பட்டியலையே ரசிக்கிறார்கள். பப்பில் தனக்கு முக்கியம் பீரைவிடச் சூழல்தான் என்று ஆர்வெலே சொல்லிவிடுவதால், பீரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை என்று நானும் நினைத்திருந்தேன்.

இரண்டு இடங்களைத் தவறவிட்டிருந்தேன். நிஜமான பப்களில் ஏதாவது ஒரு குறை இருக்கும் என்று சொல்லவரும்போது, அமைதியாக இருக்கும், ஆனால் பீர் புளித்திருக்கும் என்று ஒரு வகையைக் குறிப்பிடுகிறார். தற்செயலான குறைகளில் ஒன்றாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். தற்செயலே இல்லை. அமைதியாக இருப்பதால்தான் புளிக்கிறது. ஆளில்லாத பப்பில் பீப்பாய் மூன்று நாளில் தீராது. 1946-ல் கைப்பம்பில் வந்ததெல்லாம் பெரும்பாலும் பீப்பாய் பீர்தான் என்பதால் அவருக்கு இதைப் பிரித்துச் சொல்லத் தோன்றவில்லை. இன்னோர் இடம், கட்டுரையின் தொடக்கத்திலேயே வருகிறது. அந்தக் கற்பனைப் பப்புக்கு வருகிறவர்கள் தினமும் மாலையில் அதே நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள். சூழலுக்காகச் சொன்ன விவரம்தான். ஆனால் பீர் நன்றாக இருப்பதற்கான காரணத்தை, அறியாமலே, அங்கேயே சொல்லிவிட்டார். திங்கட்கிழமையும் வருகிற ஆள் வேண்டும்.

பெயர் பிறகு வந்தது. பிராய்லர் வந்த பிறகுதானே நம் கோழி ‘நாட்டுக்கோழி’ ஆனது? அதேபோல, பெரிய ஆலைகள் கெக் பீரை நாடு முழுக்கத் தள்ளத் தொடங்கிய பிறகுதான் சாதாரண பீர் ‘ரியல் ஏல்’ ஆயிற்று. 1971-ல் அயர்லாந்தில் விடுமுறைக்குப் போயிருந்த நான்கு ஆங்கில இளைஞர்கள் தொடங்கியது காம்ரா என்ற இயக்கம். 1973-ல் தன் பெயரிலேயே ‘ரியல் ஏல்’ என்று சேர்த்துக்கொண்டது. அந்த இயக்கம் இல்லாவிட்டால் இன்று நான் குடிக்கும் பீர் இருந்திருக்காது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எது ரியல் என்பதைக் கருவியை வைத்து வரையறுத்தார்கள். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா, வெளி வாயு படாமல் வருகிறதா என்றே பார்த்தார்கள். பீர் குறையும் இடத்தில் காற்றுக்குப் பதிலாக அழுத்தமில்லாமல் கார்பன் டையாக்சைடை நிரப்பும் ஒரு சாதாரணச் சாதனம் இருக்கிறது. கூட்டம் குறைந்த பப்களில் பீர் இன்னும் சில நாள் தாங்க அது உதவும். அதற்கான எதிர்ப்பை காம்ரா கைவிட்டது 2018-ல்தான். அதுவரை, விதிப்படி சரியான புளித்த பீர் ரியலாகவும், விதிமீறிய நல்ல பீர் போலியாகவும் இருந்தன. இலக்கணம் சரியாக இருந்தால் கவிதை என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எதிர்க்கட்சியும் இதே குழியில்தான் விழுந்தது. மான்செஸ்டரின் கிளவுட்வாட்டர் ஆலை 2017-ல் பீப்பாய் பீரை நிறுத்துவதாக அறிவித்தபோது ஒரே பரபரப்பு. (பிறகு திரும்பி வந்தார்கள்.) உழைப்புக்கேற்ற விலை கிடைப்பதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நியாயமான காரணம். அதிக வேலை வாங்கும் பீர், கெக்கைவிட மலிவாக விற்கிறது. கிராஃப்ட் ரசிகர்கள் பலர் இதை ‘கிழவர்களின் பீர் சாகிறது’ என்றே படித்தார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். தினமும் அதையே குடிக்கும் கிழவர்கள்தான் நான் வெள்ளிக்கிழமை குடித்த நல்ல பீருக்குக் காரணம் என்பது அப்போது தெரியாது.

என் ரசனை என் சொந்த விஷயம் என்றுதான் எப்போதும் நினைத்திருக்கிறேன். புத்தகத்தில் அது ஓரளவு உண்மை. நான் படிக்காமல் விட்ட நாவல் அலமாரியில் புளித்துப்போவதில்லை. பீப்பாய் பீரில் நான் எதைத் தேர்ந்தெடுக்கிறேன் என்பது அடுத்து வருகிறவரின் கோப்பையை மாற்றுகிறது. புதிது புதிதாகத் தேடும் என் ஆர்வத்தை நல்ல ரசிகனின் அடையாளம் என்று நம்பியிருந்தேன். எனக்குப் பிறகு வந்தவர்களுக்கு அது புளித்த பீரைக் கொடுத்திருக்கிறது. போதாக்குறைக்கு, அந்தப் புளிப்புக்கான மதிப்பெண்ணை டெர்பிஷயரில் யாரோ ஒருவரின் தலையில் கட்டியிருக்கிறேன். அந்த வரியை அழித்துவிட்டேன். ஆனால் அது எட்டு மாதம் அங்கே இருந்தது.

தினமும் குடித்தால்தான் ரசனை வளரும் என்று சொல்லவரவில்லை. ‘அதே நாற்காலி, அதே மாலை’ என்பதற்குள் பல குடும்பங்களின் கஷ்டமும் இருந்திருக்கிறது. ஆர்வெல் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். குறைவான வகை போதும் என்று ஏற்றுக்கொள்வது.

அந்த அம்மாள் எட்டை இரண்டாக்கினார். ஒன்றில் எப்போதும் ஒரே பிட்டர். மற்றதில் மாறிமாறி ஏதாவது வரும். என்னோடு செயலியில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த பத்துப் பேரில் ஏழு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவருடைய வியாபாரம் அதனால் ஏறியது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் இப்போது பப் மூடியிருக்கிறது. ஆனால் பீர் புளிப்பதில்லை.

நான் திங்கட்கிழமைகளில் போகிறேன். போன குளிர்காலம் முழுக்க அந்த ஒரே பிட்டர்தான். அன்று திறந்த பீப்பாயில் கசப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், முந்தின நாள் திறந்ததில் உருண்டு திரண்டிருக்கும். எண்ணூறு பீர் குடித்தபோது தெரியாத வித்தியாசங்கள். நண்பர் முடிக்காமல் வைத்த கோப்பையை அன்று நான்தான் காலி செய்தேன். கிளம்பும்போது அவர், “அடுத்த தடவ வர்றப்ப இன்னொரு சான்ஸ் குடுக்கறேன்” என்றார்.

“எந்தக் கிழமை வர்றீங்க?” என்று கேட்டேன்.