தட்டுவடை நமுப்பதற்குள்

சேலத்தில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு மெஸ் பெயரோ பிரியாணிக் கடைப் பெயரோ பதிலாக வரும். தப்பில்லை. ஆனால் என்னிடம் கேட்டால் இடத்துக்கு முன் நேரத்தைச் சொல்வேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், ஒன்பதரைக்குள். பழைய பஸ் நிலையத்தில் இறங்கி, ராஜகணபதி கோயிலைச் சுற்றியுள்ள தேர்வீதி, கடைவீதி, முதல் அக்ரஹாரம், இரண்டாம் அக்ரஹாரம் என்று கால் போன பக்கம் நடந்தால் போதும். வண்டிக்கு வண்டி ஒரே காட்சிதான்: அடுக்கி வைத்த தட்டுவடை, எவர்சில்வர் பேசினில் குவியலாகத் துருவிய பீட்ரூட், பக்கத்தில் கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், பாத்திரங்களில் சிவப்பும் பச்சையுமாகச் சட்னி. சுற்றிலும் கையில் தட்டோடு நிற்கும் ஜனம். உட்கார இடம் கிடையாது, யாரும் கேட்பதும் கிடையாது.

தட்டுவடை செட் தெரியாதவர்களுக்கு இந்தப் பத்தி. சேலத்துக்காரர்கள் தாண்டிப் போகலாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துச் சேர்த்தால் வரும் வட்டத்தின் அளவுக்கு ஒரு தட்டுவடை. அதன்மேல் சிவப்புச் சட்னி ஒரு தடவல், பச்சைச் சட்னி ஒரு தடவல். அதற்கு மேல் பீட்ரூட், கேரட் துருவல், வெங்காயம், கொத்தமல்லி. மூடுவதற்கு இன்னொரு தட்டுவடை. இப்படி அஞ்சாறு ஜோடி ஒரு தட்டில் வரும். ஒவ்வொன்றையும் முழுசாக வாயில் போட வேண்டும். நாசூக்காகப் பாதி கடித்து மீதியைக் கையில் வைத்திருப்பவர்களின் சட்டையைப் பார்த்தாலே வெளியூர் என்று தெரிந்துவிடும்.

இந்தப் பண்டத்தின் வித்தை அத்தனையும் ஒரே சிக்கலுக்குள் இருக்கிறது. மொறுமொறுப்புக்கும் ஈரத்துக்கும் ஜென்மப் பகை. தட்டுவடை எண்ணெயில் வெந்து, உள்ளிருந்த தண்ணீரை எல்லாம் ஆவியாக விட்டுவிட்டு வந்தது. பீட்ரூட்டிலும் வெங்காயத்திலும் தண்ணீர். சட்னியில் கேட்கவே வேண்டாம். ஈரம் பட்ட நொடியிலிருந்து மாவு அதை உறிஞ்ச ஆரம்பிக்கிறது. ஒன்றிரண்டு நிமிடம்தான் கணக்கு. அதற்குள் வாய்க்குள் போனால் அது செட். தாண்டினால் சட்னியில் ஊறிய பழைய பட்சணம். நல்ல வண்டிக்காரரின் கைப்பழக்கம் முழுக்க அந்த ஒன்றிரண்டு நிமிடத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுப்பதற்குத்தான். அதைக் கவனிக்கத் தெரிந்தால் எந்த வண்டியில் நிற்கலாம் என்று தெரிந்துவிடும்.

முதலில் தட்டுவடை. அரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு, ஊறவைத்த கடலைப் பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை, எள், கொஞ்சம் வெண்ணெய். வீட்டில் கிருஷ்ண ஜெயந்திக்குச் செய்யும் தட்டையிலும் இவைதான் இருக்கும். ஆனால் வீட்டுத் தட்டை தனியாகச் சாப்பிடுவதற்கானது, கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் பாதகமில்லை. செட்டுக்கான தட்டுவடை மெல்லியதாக இருக்க வேண்டும். துருவலையும் சட்னியையும் தாங்கவும் வேண்டும். ரொம்ப மெலிந்தால் எடுக்கும்போதே கையில் உடையும். தடித்தால் தாடைக்குத்தான் வேலை, காய்கறியின் ருசி தெரியாது. வெண்ணெய் கூடினால் எண்ணெய் குடித்து உதிரும். அடுப்பை நிதானமாக எரியவிட்டு, எண்ணெயில் சலசலப்பு முழுக்க அடங்கிய பிறகே அரித்தெடுக்க வேண்டும். அந்தச் சலசலப்பு உள்ளே இன்னும் ஈரம் பாக்கியிருக்கிறது என்பதற்கான சத்தம். பல வண்டிக்காரர்கள் தட்டுவடையைத் தாங்கள் சுடுவதில்லை. வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் இதையே தொழிலாகச் சுடுகிறவர்களிடம் வாங்குகிறார்கள். அதனால் ஒரே இடத்துத் தட்டுவடை நாலைந்து வண்டிகளில் கிடைக்கலாம். ருசி பிரிவது அதற்கப்புறம்தான்.

பீட்ரூட்டைப் பாருங்கள். ரொம்பப் பொடியாகத் துருவினால் அழுதுகொண்டே இருக்கும். பேசினின் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிற வண்டியில் நான் நிற்பதில்லை. கொஞ்சம் நீளமாக, இழை இழையாகத் துருவினால் ஈரம் உள்ளேயே இருக்கும், பல்லுக்கும் கொஞ்சம் வேலை கிடைக்கும். விவரம் தெரிந்தவர்கள் துருவலில் உப்பைப் போடவே மாட்டார்கள். உப்புப் பட்டால் காய் தண்ணீர் விடும். வேண்டிய உப்பெல்லாம் சட்னியில் இருக்கிறது. சட்னியும் ஓடக் கூடாது. கரண்டியைச் சாய்த்தால் யோசித்து இறங்க வேண்டும். சிவப்பில் காய்ந்த மிளகாயும் பூண்டும் முன்னால் நிற்கும். பச்சையில் கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், ஒரு புளிப்பு. இரண்டும் ஒன்றையொன்று மழுக்காமல் அடுத்தடுத்து நாக்கில் வர வேண்டும் என்பதற்காகத்தான் தனித்தனியாகத் தடவுகிறார்கள். அவசரத்தில் இரண்டையும் ஒரே கரண்டியால் எடுக்கிற வண்டியும் உண்டு. சாப்பிடலாம், ரசிக்க முடியாது.

இதை வட இந்தியச் சாட் வகையின் தம்பி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. நமுப்பதற்குள் விழுங்க வேண்டிய அவசரத்தில் பானிபூரிக்கும் இதற்கும் உறவு உண்டுதான். ஆனால் இதில் தயிர் இல்லை, பேரீச்சையும் வெல்லமும் போட்ட இனிப்புச் சட்னி இல்லை, சாட் மசாலாவின் கறுப்பு உப்பு வாசம் இல்லை. இனிப்பு வருவது பீட்ரூட்டிலிருந்தும் கேரட்டிலிருந்தும் மட்டும். அதுவும் காரம் ஒரு சுற்று அடித்த பிறகு மெதுவாக எட்டிப் பார்க்கும். நம் வீட்டுப் பண்டிகைப் பட்சணத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து பச்சைக் காய்கறியோடு சேர்த்தது தமிழ் நாக்குக்கே தோன்றியிருக்கக்கூடிய யோசனை.

இது ஏன் இந்த ஊரில் இத்தனை ஆழமாக வேர் பிடித்தது என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம் இருக்கிறது. அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை எல்லாம் தறி ஓடிய தெருக்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குப் பேர்போனது. பக்கத்திலேயே லீ பஜார் மண்டிகள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் ஒரே தெருவில் கேட்கிற ஊர். காலையிலிருந்து குனிந்து உட்கார்ந்து வேலை பார்த்தவனுக்குச் சாயங்காலம் தேவைப்படுவது சாப்பாடு அல்ல. எழுந்து நின்று நாலு பேரோடு பேசிக்கொண்டே, கையில் இருக்கிற சில்லறைக்கு, நாக்கைச் சுரீரென்று எழுப்புகிற ஏதோ ஒன்று. மதியம் முழுக்க மந்தமாக இருந்த வாய்க்கு அந்த மொறுமொறுப்பும் காரமும் மருந்து. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வரும்போது இந்தக் கூட்டம் பல மடங்காகும். குகையில் வண்டி வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சாமி வேஷம் போட்டவர்கள் கடந்து போவதை ஒரு கண்ணாலும், தட்டில் எத்தனை பாக்கி என்பதை இன்னொரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

தட்டுவடைக்குப் பதில் சின்ன முறுக்கை வைத்தால் முறுக்கு செட். முறுக்கின் இடுக்குகளில் சட்னி இறங்கிவிடுவதால் அது இன்னும் சீக்கிரம் தோற்கும். எனக்கு அவ்வளவு பிடித்தமில்லை. மாங்காய்க் காலத்தில் மாங்காய்த் துருவல் சேர்த்த செட் வரும். அதை விடக் கூடாது.

நொறுக்கலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நாலைந்து தட்டுவடையைக் கையில் வைத்து ஒரே அழுத்து. உடைந்த சில்லுகளைப் பாத்திரத்தில் போட்டு, துருவல், வெங்காயம், இரண்டு சட்னி, எலுமிச்சை ஒரு பிழி, மேலே கொத்தமல்லி. கரண்டியால் டங்கு டங்கென்று கிளறித் தட்டில் கொட்டிவிடுவார்கள். செட்டில் ஈரத்தைத் தள்ளி வைக்கப் போராடியவர் இங்கே அதை அழைத்து உள்ளே உட்காரவைக்கிறார். சில சில்லு ஊறியிருக்கும், சில சில்லு பாதி ஊறியிருக்கும், அடியில் எங்கோ ஒன்று இன்னும் சட்னியே படாமல் கறுக்கென்று உடையும். ஒவ்வொரு கரண்டியும் வேறு. இதில் கைநயம் என்பது உடைப்பதில்தான் இருக்கிறது: சில்லு நகத்தளவு இருக்க வேண்டும். பொடித்துவிட்டால் களி. செட்டை விட நொறுக்கல் கீழான சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு, உடைந்த தட்டுவடையைத் தள்ளிவிடும் தந்திரம் என்று. அப்படித் தொடங்கியிருந்தால்தான் என்ன? செட்டில் இருப்பது வண்டிக்காரரின் திறமை. நொறுக்கலில் சாப்பிடுகிறவனின் அதிர்ஷ்டமும் கூடச் சேர்கிறது. எனக்கு அந்தச் சூதாட்டம் பிடிக்கும்.

இதிலேயே அவித்த முட்டையை உதிர்த்துப் போட்டால் முட்டை நொறுக்கல். முட்டைக்குப் பஞ்சமில்லாத சீமை இது. கோழிப் பண்ணைகளால் நாடறிந்த நாமக்கல் 1997 ஜனவரி 1 வரை சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. மஞ்சள் கரு சட்னியின் தண்ணீரைத் தான் இழுத்துக்கொண்டு, காரத்தின் முனையையும் கொஞ்சம் தேய்த்துவிடுகிறது. முட்டையை வட்டமாக அரிந்து இரண்டு தட்டுவடைக்கு நடுவில் வைக்கிற முட்டை செட்டும் உண்டு. வாய் பெரிசாக இருக்க வேண்டும்.

எண்ணெயில் பொரித்ததன்மேல் இந்தச் சமவெளிக்கே ஒரு கிறுக்கு இருக்கிறது. சேலத்திலிருந்து ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் வரை குச்சிக்கிழங்கு விளைகிறது. உலகப் போர்க் காலத்தில் மலேயாவிலிருந்து வரத்து நின்றபோது, 1943 வாக்கில் இங்கே அந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் தலையெடுத்தது. 1981இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமாகச் சேகோசர்வ் வந்தது. அதனால் கிழங்கு சிப்ஸ், ஜவ்வரிசி வடகம், அப்பளம் என்று வீட்டுக்கு வீடு ஏதாவது பொரிந்துகொண்டே இருக்கும். நாமக்கல்லில் கூரையில்லாமல் 18 அடி உயரத்துக்கு நிற்கும் ஆஞ்சநேயருக்கே வடைதான் மாலை. அனுமன் ஜெயந்தியன்று 1,00,008 வடை. மிளகு மணக்கும் அந்தத் தட்டை வடை நாள்கணக்கில் தாங்கும். பிரசாதம் வீடு போய்ச் சேர வேண்டுமே! சேலத்தில் ராஜகணபதி கோயில் தெருவில் விற்கிற தட்டுவடை செட்டு தெருமுனை வரை தாங்காது.

குடிப்பதற்கு? சாப்பிடும்போது ஒன்றும் வேண்டாம் என்பது என் கட்சி. தண்ணீர் குடித்தால் எரிச்சல் பரவுமே தவிரக் குறையாது. மிளகாயின் எரிப்புச் சத்து தண்ணீரில் கரைவதில்லை, பாலில்தான் அடங்கும். அதனால் தட்டை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அந்தக் காரத்தோடு நடந்து, பிறகு ஒரு ரோஸ்மில்க், அல்லது இரவானால் சூடாகப் பாதாம் பால். லெமன் சோடாவும் நன்னாரி சர்பத்தும் வெயில் நேரத்துச் சமாசாரம். ஏப்ரல் முதல் ஜூன் வரை வருகிறவர்கள் இதையெல்லாம் மறந்துவிட்டு மாம்பழ வரிசைக்குப் போகலாம். மல்கோவா, இமாம்பசந்த், பெங்களூரா, உருண்டையாகச் சேலம் குண்டு. பெங்களூராவைப் பழமாகத் தின்பதை விட உப்பு மிளகாய் போட்டுக் காயாகத் தின்பதே அதற்குச் செய்யும் மரியாதை. மல்கோவாவை வாங்கி உடனே வெட்டாதீர்கள். இரண்டு நாள் அரிசிப் பானையில் கிடக்கட்டும்.

இப்போது சீஸ் செட், மயோனைஸ் செட் என்று புதுசு புதுசாக வருகின்றன. கொழுப்பு ஈரத்தைத் தடுக்கும் என்பதால் தத்துவப்படி சீஸ் தட்டுவடைக்கு நல்லதுதான் செய்ய வேண்டும். ஆனால் சட்னியின் காரத்தையும் புளிப்பையும் போர்த்தி மூடிவிடுகிறது. பிறகு மொறுமொறுப்பு மிச்சமிருந்து என்ன பயன்? 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டபோது வேறு காரணத்துக்காக என்றாலும் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

வயிற்றில் இன்னும் இடம் இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்குக் கறிக்குழம்பு மெஸ்களும் பிரியாணியும் காத்திருக்கின்றன. காரில் வந்தவர்கள் திரும்புகிற வழியில், காவிரிக்கரையில் ஈரோட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளிபாளையத்தில் நிறுத்தலாம். மசாலாப் பொடியை நம்பாமல் வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு மூன்றோடு வதக்கிய பள்ளிபாளையம் சிக்கனை அந்த ஊரிலேயே சாப்பிடுவதுதான் முறை. ஆனால் செட்டுக்கு முன்னால் அல்ல. நிறைந்த வயிற்றுக்குச் செட்டின் அவசரம் புரியாது.

சென்னையிலும் பெங்களூரிலும் ‘சேலம் தட்டுவடை செட்’ என்று பலகை போட்ட வண்டிகள் நிறைய வந்துவிட்டன. சட்னி சரியாகவே இருக்கிறது. தப்பு நடப்பது பெரும்பாலும் முன்கூட்டியே அடுக்கி வைப்பதில். கூட்டம் வருமென்று நம்பிப் பத்துத் தட்டு தயாராக வைத்திருப்பார்கள், பத்தும் நமுத்திருக்கும். சேலத்தில் முன்னால் நிற்கிறவருக்குப் போட்டு முடித்த பிறகே அடுத்தவருடைய தட்டைத் தொடுவார்கள். இரண்டாம் அக்ரஹாரத்தில் ஒரு வண்டியில் பக்கத்தில் நின்ற பெண், “ரெண்டு செட்டு பார்சல் கட்டுங்கண்ணா” என்றார். வண்டிக்காரர் தட்டுவடையை ஒரு கவரிலும், துருவலை இன்னொரு கவரிலும், சட்னிகளைத் தனித்தனிப் பொட்டலமாகவும் கட்டினார். “வீட்டுக்குப் போயி சாப்பிடற நேரத்துக்கு நீங்களே போட்டுக்கோங்க கண்ணு, இப்பவே போட்டுக் கொடுத்தா நாளைக்கு என்னையத்தான் திட்டுவீங்க.” கவர்களைக் கையில் வாங்கிக்கொண்ட அவர், நின்றபடியே தனக்கு ஒரு நொறுக்கலும் சொன்னார்.