தேனுக்குப் பஷ்கீரில் என்ன பெயர்?

ஒரு மொழியைச் சாப்பாட்டிலிருந்து தொடங்கிக் கற்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ரஷ்யாவின் உரால் மலைப் பக்கம், ஊஃபாவைத் தலைநகராகக் கொண்ட பஷ்கோர்தோஸ்தானில் பேசப்படும் பஷ்கீர் மொழிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ரொட்டி இக்மெக், இறைச்சி இத், வெண்ணெய் மாய். எல்லாம் குட்டிச் சொற்கள், சட்டென்று மனதில் நிற்கும். துருக்கியர் 'ஸூத்' என்னும் பாலை இவர்கள் 'ஹொத்' என்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள்தாம்.

குதிரைப் பாலைப் புளிக்கவைத்த பானம் கிமித். அதன் கடைசி ஒலி, நாம் 'அது' என்னும்போது வரும் மெல்லிய தகரம். ரஷ்ய மொழியில் அந்த ஒலியே இல்லை. நமக்கோ தானாக வருகிறது.

எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்தது 'பல்', அதாவது தேன். 'பலம்' என்பதன் பகரத்தோடு சொல்ல வேண்டும். பஷ்கோர்தோஸ்தானின் புர்ஸியான் காடுகளில் உயிருள்ள பைன் மரத்தில், தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் பொந்து குடைந்து காட்டுத் தேனீக்களைக் குடியேற்றுகிறார்கள். பட்டையில் குடும்ப முத்திரையான தம்கா செதுக்கப்பட்டிருக்கும். பின்னிய தோல்வாரை மரத்தோடு சேர்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறுகிறார்கள். கோடை முடிவில் ஒரே ஒரு முறைதான் தேன் எடுப்பு. குளிர்காலத்துக்குத் தேனீக்களின் பங்கை விட்டுவைப்பார்கள். என்ன நேர்த்தியான ஏற்பாடு!

பஷ்கீர் கற்க விரும்புகிறவர்களே, இலக்கணப் புத்தகத்தைப் பிறகு திறக்கலாம். முதலில் இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.