செட்டிபாளையமும் தேசப்படமும்
மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் புவியியல் தகவல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இலக்கியப் படைப்பொன்றை விமர்சிக்கும்போது அதனை ஆக்கியவர் யார், யாருக்காக ஆக்கினார், எதனைச் சொன்னார், எதனைச் சொல்லாது விட்டார் என்னும் வினாக்களை எழுப்புகின்றோம். தேசப்படமொன்றைக் கையிலெடுக்கும்போது இவ்வினாக்கள் நமக்குத் தோன்றுவதில்லை. அதனை நிலத்தின் நேர்ப்பிரதியாகவே ஏற்றுக்கொள்கின்றோம். ஆயின், தேசப்படமும் தெரிந்தெடுத்தும் விலக்கியும் எழுதப்பட்ட ஒரு பனுவலேயாகும். காகிதத்திலிருந்து அது கணினித் தரவுத்தளத்துக்கு மாறிய பின்னர் இவ்வுண்மை மேலும் முக்கியத்துவம் பெறுகின்றது. ஓர் இடம் எப்பெயரால், எவ்வகைப்பாட்டினுள் வைக்கப்படுகின்றது என்பதே, பின்னர் அதனை யார் தேடிக் கண்டெடுக்கலாம், யார் பயன்படுத்தலாம் என்பதைத் தீர்மானிக்கின்றது. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்த செட்டிபாளையத்தை மையமாகக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரு ஒழுங்குகள்

அரச ஆவணங்களின் அடுக்குமுறையில் செட்டிபாளையம் கிழக்கு மாகாணத்துள், மட்டக்களப்பு மாவட்டத்துள், மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலாளர் பிரிவுள் அடங்கும். மாவட்டத்தின் 14 பிரதேச செயலாளர் பிரிவுகளுள் இது ஒன்று. மட்டக்களப்பு–கல்முனை வீதியில் குருக்கள்மடத்துக்குத் தெற்கேயும் களுவாஞ்சிகுடிக்கு வடக்கேயும் இருப்பதாகப் படம் அதனைக் காட்டும். இவ்வொழுங்கு வீதியிலிருந்தும் நிருவாகத்திலிருந்தும் பிறந்தது.

மக்களின் ஒழுங்கோ வாவியிலிருந்து பிறந்தது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. குடியிருப்பு எழுவான்கரையிலும் வயல் படுவான்கரையிலுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல. குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குருமண்வெளி–மண்டூர் ஆகிய துறைகள் இரு கரைகளின் உற்பத்தி வாழ்வையும் வழிபாட்டு வாழ்வையும் இணைத்தன. 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்திலும் ஓடப் பாதையே தொடர்பாக இருந்தது. ஆனால் தரவுகளில் அம்பிளாந்துறை மண்முனை தென்மேற்கின் கோப்பிலும், மண்டூர் போரதீவுப்பற்றின் கோப்பிலும், எழுவான்கரை ஊர்கள் பிறிதொரு கோப்பிலும் உள்ளன. ஒரே வாழ்வு மூன்று அட்டவணைகளாகப் பிரிந்து கிடக்கின்றது. நிருவாக அலகை மட்டும் திறவுகோலாகக் கொண்டு தேடும் ஆய்வாளன் வாவியைப் பிரிக்கும் எல்லையாகவே காண்பான். இணைக்கும் வழியாகக் காணமாட்டான்.

இதன் வேர் குடியேற்றக் காலத்திலுள்ளது. நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு தாபிக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச் சட்டத்தின் பின்னர், உரிமை நிறுவப்படாத நிலத்தை அரசுடைமையாகக் கொள்ளவும் விற்கவும் அளவை இன்றியமையாததாயிற்று. பின்னர் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்னும் அளவுத்திட்டத்திலும், அதன்பின் 92 தாள்களாக 1:50,000 அளவுத்திட்டத்திலும் நாடு முழுவதற்கும் படங்கள் வெளிவந்தன. இவற்றின் தொழினுட்பச் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் நிலத்தை உடைமையாகவும் வருவாயாகவும் நோக்கிய பார்வையே அவற்றின் அடிப்படை என்பதை மறத்தலாகாது.

2. பெயரும் தேடலும்

தரவுத்தளத்தில் ஓரிடத்துக்கான வாயில் அதன் பெயரே. தமிழில் ஐயமின்றி எழுதப்படும் ‘செட்டிபாளையம்’ உரோமன் எழுத்துக்குச் செல்லும்போது ஒரு நிலையான வடிவத்தைப் பெறுவதில்லை. டகரத்துக்கு ஒருவர் ‘டீ’ என்னும் எழுத்தை இரட்டிப்பர். மற்றொருவர் ‘டி’ என்னும் எழுத்தை இரட்டிப்பர். ஒரே ஊர் ஒரு பட்டியலில் இருந்தும் மற்றொரு பட்டியலில் அகப்படாமற் போவதற்கு இவ்வளவே போதுமானது. அதுமட்டுமன்று. கோயம்புத்தூர் மாவட்டத்திலும் ஒரு செட்டிபாளையம் உண்டு. மாவட்டமும் நாடும் சேர்த்துச் சுட்டப்படாத பெயர் எவ்வூரைக் குறிக்கின்றதென்று பொறி அறியாது. புதுக்குடியிருப்பு என்னும் பெயர் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் வழங்குவதையும், வடக்கே கிரானும் தெற்கே கிரான்குளமும் ஒரே மாவட்டத்தில் இருப்பதையும் நோக்குமிடத்து, இடர்க்காலத்தில் இக்குழப்பம் நிவாரணத்தை எங்கு கொண்டு சேர்க்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

நிருவாகம் இதற்குக் கண்ட தீர்வு குறியீட்டெண். எண் ஐயத்தை நீக்குமென்பது உண்மையே. ஆயினும் எண்ணால் தேடக்கூடியவர் அதிகாரியே. தன் ஊரைத் தன் மொழியில் தேடும் கமக்காரனுக்கும் மீனவனுக்கும் அது வாயிலாகாது. எனவே இடப்பெயர்ப் பிரச்சினையை மொழியுணர்ச்சியின் பாற்பட்டதாக மட்டும் கொள்வது தவறு. அறிவைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்னும் சமூகப் பிரச்சினையே அது.

3. கோடும் நிலமும்

களப்பு என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே கொண்ட இப்பிரதேசத்தில் நீருக்கும் நிலத்துக்குமான எல்லை நிலையானதன்று. வாவி கடலோடு கலக்கும் பாலமீன்மடு, கல்லாறு ஆகிய முகத்துவாரங்கள் வரண்ட காலத்தில் மணலால் அடைபடுவன. பெருமழைக் காலத்தில் அவற்றை வெட்டித் திறப்பதா, எப்போது திறப்பதா என்பது வயற்காரரும் மீன்பிடிப்போரும் வெவ்வேறு நலன்களோடு நோக்கும் வினாவாகும். 2011 சனவரி வெள்ளத்தின் அனுபவம் இதன் பாரதூரத்தை உணர்த்தியது. படமோ முகத்துவாரத்தை என்றென்றும் திறந்ததாகவோ என்றென்றும் மூடியதாகவோ வரைந்துவிடுகின்றது. பருவம் என்னும் பரிமாணம் அதன் அட்டவணையில் இல்லை.

2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின்னர் இப்பிரச்சினை உயிர்ப்பிரச்சினையாயிற்று. கரையோரத்தில் மீளக் கட்டுவதைத் தடுக்கும் இடைவலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் எனவும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் எனவும் வகுக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டதாயினும் அக்கோட்டின் தருக்கம் ஆராய்தற்குரியது. உள்நோக்கி விரிந்த நிலமுள்ள கரையில் 200 மீற்றர் ஓர் இடப்பெயர்வு; முன்னே கடலும் பின்னே வாவியுமான எழுவான்கரையில் அது ஊரின் கணிசமான பகுதி. கோடு சமமாக வரையப்பட்டாலும் அதன் கீழுள்ள நிலம் சமமானதன்று.

இதனோடு தொழினுட்பச் சிக்கலொன்றும் சேர்கின்றது. கந்தவளை ஆதாரத்தைக் கொண்ட பழைய நெய்யரிக் கட்டம் தன் தொடக்கப்புள்ளிக்கு 200,000 மீற்றர் என்னும் பெறுமானங்களை வழங்கியது. 1999ஆம் ஆண்டுக் கட்டம் அவற்றை 500,000 ஆக மாற்றியது. இம்மாற்றம் பெரிதாதலின் தவறு உடனே கண்ணிற்படும். ஆனால் பழைய ஆதாரத்தின் அகலக்கோடு நெடுங்கோடுகளைச் செய்மதி அளவையின் எண்களாக மயங்கிப் பயன்படுத்தினால் ஏற்படும் பிசகு நூறு மீற்றரையும் கடக்கக்கூடும். அது எளிதிற் புலப்படாது. 200 மீற்றர்க் கோடு ஒருவரின் வீட்டுரிமையைத் தீர்மானிக்கும் நிலத்தில், தரவு எந்த ஆதாரத்தைக் கொண்டது என்ற குறிப்பு இல்லாதிருப்பது வெறும் நூற்குறிப்புக் குறைபாடன்று.

4. திறந்த தரவின் சாதனையும் எல்லையும்

2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பின் ஸ்ரீற் மப், யாரும் திருத்தவும் யாரும் பயன்படுத்தவும் கூடிய உலகப்படமாக வளர்ந்துள்ளது. உலக வங்கி 2012இல் தென்னாசியாவில் தொடங்கிய திறந்த நகரங்கள் திட்டம் டாக்கா, காத்மாண்டு ஆகியவற்றோடு மட்டக்களப்பையும் தெரிந்தெடுத்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் ஒத்துழைப்போடு மண்முனை வடக்கில் ஏறத்தாழ 30,000 கட்டடங்கள், அவற்றின் மாடிகள், பயன்பாடு, கட்டுமானப் பொருள் என்னும் விவரங்களோடு இப்படத்திற் சேர்க்கப்பட்டன. விற்பனைப் பொருளாகவே பெரும்பாலும் கிடைத்துவந்த தகவல் பொதுச்சொத்தாயிற்று. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமாகும்.

எனினும் இரு குறைகளைச் சுட்டவேண்டும். முதலாவது, நகரத்தை உள்ளடக்கிய பிரிவோடு திட்டத்தின் எல்லை முடிந்தது. செட்டிபாளையம் போன்ற ஊர்கள் அதனுள் வரவில்லை. தரவு செறிந்த இடமே மேலும் ஆராயப்படும். ஆராயப்படும் இடத்துக்கே மேலும் உதவி செல்லும். இரண்டாவது, கட்டடத்தை எண்ணும் அட்டவணை அதன் சமூக உறவைக் காண்பதில்லை. மட்டக்களப்பில் வீடு சீதனமாகப் பெண்வழி செல்லும் மரபுடையது. ஆழிப்பேரலைக்குப் பின் ‘குடும்பத் தலைவர்’ என்ற படிவச் சொல் ஆணையே குறித்தமையால், தாய்வழி வீட்டை இழந்த பெண்கள் பலர் புதிய வீட்டின் உரிமையைக் கணவரின் பெயரிற் காண நேர்ந்தது. படிவத்தின் ஒரு நிரல், தலைமுறைகளின் வழக்கத்தை மாற்ற வல்லது.

5. செய்யவேண்டியவை

உள்ளூர் அறிவைப் போற்றுவதென்ற பெயரில் அளவைக் கலையை நிராகரிப்பது பிற்போக்கானதாகும். ஊர் அறிவும் களங்கமற்றதன்று. சாதிக் குடியிருப்பு, இன எல்லை முதலியன பற்றிய மௌனங்கள் அதிலும் உண்டு. இரண்டையும் ஒன்றையொன்று திருத்தவைப்பதே தேவை. ஓப்பின் ஸ்ரீற் மப்பில் ஓரிடத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என வெவ்வேறு பெயர்ப்புலங்களும், மாற்றுப் பெயர்களுக்கான புலமும் உள்ளன. துறை, முகத்துவாரம் ஆகியவற்றைப் பருவக் குறிப்போடு பதியவும் இயலும். எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ (1962), வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) ஆகியவற்றிலுள்ள இடப்பெயர்ச் செய்திகள் நூற்பக்கங்களிலேயே தங்கியுள்ளன. அவற்றைப் படப்புள்ளிகளோடு இணைக்கும் பணி தமிழ்த்துறைக்கும் புவியியற்றுறைக்கும் பொதுவானது. திட்டங்கள் நிதி முடிந்ததும் முடிவன. ஆண்டுதோறும் மாணவர் வரும் கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனமே இத்தகைய தரவைத் தொடர்ந்து பேண வல்லது.

அடுத்த வெள்ளத்தின்போது முகத்துவாரம் வெட்டப்படுமா என்பதைத் தீர்மானிப்போர் முன் ஒரு படம் விரிக்கப்படும். அதில் செட்டிபாளையத்தின் தாழ்நிலமும் படுவான்கரையின் வயலும் ஒரே வாவியின் இரு கரைகளாக இடம்பெறுமா என்பது, இன்று நாம் தரவை எவ்வாறு அடுக்குகின்றோம் என்பதிலேயே தங்கியுள்ளது.