மேம்படுத்தலும் குறிப்பேடும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், பர்லியார் போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களில், விளையாட்டுக்கான வீட்டுக் கணினியைப் பகுதி பகுதியாக மேம்படுத்துவதும், செய்த ஒவ்வொன்றையும் எழுதி வைப்பதும் ஒரே கலையின் இரு பாதிகளாகும்.

பகுதி பகுதியான மேம்படுத்தலுக்குச் சிறந்த சான்று ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட், அதாவது மதர்போர்டில் செயலி அமரும் இருக்கை. 2017இல் முதல் ரைசன் செயலிகளுக்காக வாங்கப்பட்ட மதர்போர்டுகளில் பல, பயாஸ் எனப்படும் தொடக்க மென்பொருளைப் புதுப்பித்தால், 2022இல் வெளிவந்த 5800எக்ஸ்3டி செயலியையும் ஏற்கின்றன. ஆயினும் பழைய செயலி இருக்கும்போதே அப்புதுப்பிப்பை முடித்துவிட வேண்டும். இச்செயலிகளின் அடியில் மெல்லிய ஊசிக்கால்கள் இருப்பதால், உலர்ந்த வெப்பப் பசையோடு ஒட்டிய, செயலியைக் குளிர்விக்கும் கூலரை நேராக இழுத்தால் செயலியும் சேர்ந்து பெயர்ந்து கால்கள் வளையக்கூடும். எனவே தேர்ந்த கைகள் கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு, பசை இளகியதும் மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இருபுறமும் மெல்லத் திருகிய பின்பே தூக்குகின்றன.

பயாஸின் பதிப்பு எண், பசை தடவிய தேதி, விசிறிகள் காற்றை இழுக்கும் திசை, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே விளையாட்டில் அளந்த செயலியின் வெப்பம், அப்போதைய அறை வெப்பம் ஆகியவை குறிப்பேட்டில் இடம்பெற்றால், பின்னாளில் வெப்பம் கூடும்போது காரணம் தூசியா, பசையா, பருவமா என்று பிரித்தறியலாம். குறிப்பில்லாத மேம்படுத்தல் பாதி வேலையே.