கல்லாய்ச் சமைந்த மரங்கள்

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகத் திருவக்கரைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அங்குள்ள கோயிலின் வக்ரகாளி அம்மனைத்தான் பார்க்கப் போகிறார்கள். பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம். பக்கத்திலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கும் கல்மரப் பூங்காவுக்குள் அவர்களில் பலர் நுழைவதில்லை. குழந்தைகளோடு போனால் நுழையாமல் வந்துவிடாதீர்கள்.

கண்ணாடிப் பெட்டி கிடையாது. செம்மண்ணில் அப்படியே கிடக்கின்றன, சுமார் 2 கோடி ஆண்டு வயதான அடிமரங்கள். குனிந்து பார்த்தால் கணுவும் தெரியும், நார் ஓடிய வரியும் தெரியும். நேற்று அறுத்துப் போட்ட விறகு மாதிரி. கை வைத்தால் மட்டும் கல்லின் சில்லிப்பு. "ஆயா, இது மரமா கல்லா?" என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். ஆயாவுக்கும் அதே சந்தேகம்தான்.

கிளை இல்லை, இலை இல்லை, பட்டையும் இல்லை. எங்கோ வளர்ந்த மரங்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்ததற்கு இதுவே சாட்சி. பிறகு நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் திசுக்களுக்குள் ஊறி இறுகிவிட்டது. புளிய மரக் குடும்பமும் ஆமணக்குக் குடும்பமும் இவற்றில் உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1781இலேயே பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னெரா இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

செஞ்சிக் கோட்டையில் ஏற முழங்கால் வலு வேண்டும். இங்கே தாத்தாவும் நடக்கலாம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மட்டும் மறக்காதீர்கள், வெயில் கடுமை. கல்லைப் பொறுக்கிப் பையில் போடுகிற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், கிளம்பும்முன் பையை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.